நைலானாக இருந்தால் அறுந்திருக்கும்

மில்வாக்கி
9 நவம்பர் 1993

ஹார்லன் அண்ணனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. உன் பெண்டாட்டி நோலாதான் எடுத்து, "தூங்குறாரு கெல்வின்" என்கிறாள். காலை பதினோரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் கடிதம். படித்துவிட்டுக் கிழி.

மருத்துவமனையில் சொன்னதை நான் திரும்பப் பெறப்போவதில்லை. வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓடும்போது அடைப்பை எடுக்கக் கையை விட்டால், அது கையையும் வைக்கோல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தால் உன் வலது கை தோளில் இருந்திருக்கும். இதைச் சொன்னதற்கு நீ தண்ணீர்க் குவளையை என்மேல் எறிந்தாய். மருந்து மயக்கத்தில், படுத்தபடி, இடது கையால். சரியாக என் நெற்றியில் பட்டது. ஊருக்குத் திரும்பி, தையல் போட்ட இடத்தைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் உறைத்தது: இந்த ஆளுக்கு இடது கையாலும் குறி தப்பாது.

பார்சலில் மூன்று சாமான்கள் அனுப்பியிருக்கிறேன். ஆறரை அடி கார்பன் தூண்டில் கோல். இடுப்பு வாரில் மாட்டும் கிண்ணம்; கோலின் அடியை அதில் ஊன்றிக்கொள்ளலாம். நூல் சுற்ற ஒரு ஸ்பின்னிங் ரீல். அதன் கைப்பிடியை எந்தப் பக்கத்துக்கும் மாற்றலாம் என்பதால் அதை எடுத்தேன். இடது கையால் வீசு, கோலைக் கிண்ணத்தில் ஊன்று, அதே கையால் சுற்று. தூண்டில் நரம்பை விடும் வளையத்தை ஒரு விரலால் திறக்க நெம்புகோல் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிற்சாலைப் பட்டறையில் நானே செய்தது.

நீ கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று நோலா சொன்னாள். இறங்கு.

கெல்வின்


டக்கர்ஸ் பெண்ட், அலபாமா
28 நவம்பர்

கெல்வின்,

எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள். முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். நோலா எழுதித் தருகிறேன் என்றாள். உன்னைத் திட்டுவதற்கு அவள் கை எதற்கு?

சின்னப் பிள்ளைகள் பிடிக்கிற ஸ்பின்னிங் ரீலை அனுப்பியிருக்கிறாய். நம் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதைக் கோழிக்கூண்டில் வைத்திருப்பார். படகுத்துறை இரைக்கடைக்கு எடுத்துப் போனேன். டெல்மர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஹார்லன், பேத்திக்குப் பிறந்த நாளா?" என்றார். எனக்குப் பேத்தி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் தோளைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. அது நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

ஷூ கயிற்றை நோலா கட்டுகிறாள். இறைச்சியை அவள் வெட்டித் தட்டில் வைக்கிறாள். மேய்ச்சல் நிலத்தை அடுத்த பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. மிச்சம் ஏரி ஒன்றுதான். ஏப்ரலில் மீன்பிடிச் சங்கப் போட்டி வருகிறது. அதற்குள் ஒரு பாஸ் மீன், ஒன்றே ஒன்று, யாரும் தொடாமல் நானே பிடித்துப் படகுக்குள் போட வேண்டும். முடியவில்லை என்றால் அதற்குப் பிறகு நான் எதற்கு என்று என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. நீயும்.

உன் கார்பன் கோல் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கிறது. என் மஞ்சள் கண்ணாடியிழைக் கோல் உன்னிடம்தானே இருக்கிறது? அனுப்பு.

ஹார்லன்


மில்வாக்கி
6 டிசம்பர்

அண்ணா,

மஞ்சள் கோலை அனுப்ப முடியாது. ஈர நூடுல்ஸ் மாதிரி வளையும் அது. மீன் வாயை வைத்துத் துப்பிய செய்தி அந்தக் கோல் வழியாக உன் கைக்கு வருவதற்குள் மீன் வீட்டுக்குப் போய்விடும். கார்பன் அப்படி இல்லை. பழகு. டெல்மர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதாதே. மரியாதை பார்த்து ரீல் தேர்ந்தெடுக்கிற நிலையில் நீ இல்லை.

இத்துடன் புது மாதிரி நூல் ஒரு சுருள் வைத்திருக்கிறேன். நைலான் இல்லை, மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது, இப்போதுதான் கடைக்கு வருகிறது. எங்கள் சோதனை இயந்திரத்தில் இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். நைலான் அறுந்த இடத்தைப் போல மூன்று மடங்கு தாண்டியும் இது நின்றது. கொஞ்சம்கூட நீளவில்லை. ஒரு கையால் தூண்டிலைக் கொத்தி இழுப்பவனுக்கு நரம்பு நீண்டு பலத்தைத் தின்றுவிடக் கூடாது. அதற்கு இதுதான் சரி.

இன்னொன்று. இன்ஜின் நிறுத்தும் கயிற்றை ஒரு கையால் மாட்ட முடியவில்லை என்று நோலாவிடம் சொன்னாயாம். ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் இன்ஜினை அணைப்பது அந்தக் கயிறு ஒன்றுதான். கயிறு மாட்டாமல் நீ ஒரு நாளும் படகை ஓட்டியதில்லை. பல்லால் கடித்து மாட்டும்படி ஒரு கொக்கி செய்து வைத்திருக்கிறேன். மிதவைச் சட்டை வளையத்தில் போட்டுக் கடி. டக் என்று விழும்.

கெல்வின்


டக்கர்ஸ் பெண்ட்
3 ஜனவரி 1994

மேதாவித் தம்பிக்கு,

உன் ரீல் கெட்டுப்போய்விட்டது. அல்லது உன் நூல். அல்லது நீ.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் போனேன். நோலா கூட வந்தாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு பின் இருக்கையில். பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஒன்று கடித்தது. கெல்வின், நல்ல மீன். கோல் கிண்ணத்தில் இருந்தது, கை சுற்றிக்கொண்டே இருந்தது, நூல் மட்டும் உள்ளே வரவில்லை. ரீலின் பிரேக்கை முழுக்கத் திருகி இறுக்கினேன். அப்போதும் நூல் வெளியே போகிறது. மீன் நின்று நிதானமாக ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. நோலா, "பரவால்லப்பா, அது ரொம்பச் சின்னதுதான்" என்றாள். அவள் முன்னால் அதுவரை நான் அழுததில்லை.

இரண்டாவது மீனும் போனது. அது படகு வரைக்கும் வந்தது. கடைசியில் ஒரு குதி. விறைத்த கோல், நீளாத நூல். நடுவில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. தூண்டில் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. மஞ்சள் கோலாக இருந்தால் அது தலையாட்டும்போது கூடவே தலையாட்டியிருக்கும். அந்தக் கோலை அனுப்பு என்று இரண்டாம் முறை கேட்கிறேன்.

ஹார்லன்


மில்வாக்கி
10 ஜனவரி

அண்ணா,

ரீல் கெடவில்லை. உருளையில் முதலில் கொஞ்சம் நைலான் சுற்றி, அதன்மேல் பின்னல் நூலைக் கட்ட வேண்டும். வழுவழு உலோகத்தில் நேராகச் சுற்றினால் மொத்த நூலும் ஒரே கட்டியாக உருளையைச் சுற்றி வழுக்கும். பிரேக் வழுக்குகிறது என்று நினைத்து நீ இறுக்கிக்கொண்டே போவாய். அதில் ஒரு பயனும் இல்லை. பார்த்தால் தெரிகிற விஷயம் என்று எழுதவில்லை.

மஞ்சள் கோல் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

கொக்கி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. ஸ்பிரிங் சரியா, இறுக்கமா? எனக்கு அளவு தெரிந்தால்தான் அடுத்ததைச் செய்ய முடியும்.

கெல்வின்


டக்கர்ஸ் பெண்ட்
29 ஜனவரி

அன்புள்ள கெல்வின்,

நலமாக இருக்கிறேன். நைலானை அடியில் சுற்றிவிட்டேன். நீ சொன்னது சரிதான், இப்போது வழுக்கவில்லை.

என் பழைய ரீல்கள் எல்லாவற்றையும் டெல்மர் கடைக்குக் கொடுத்துவிட்டேன். யாராவது பயன்படுத்தட்டும். ரப்பர் புழு, சுழல் தகடு, ஈயத்தலைத் தூண்டில் எல்லாம் பெட்டியோடு போயிற்று. சிவப்பு நண்டு நிற மர மீன் இரை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பிப்ரவரியில் பாஸ் அதைத்தான் கடிக்கும், உனக்குத் தெரியும். அப்பாவின் கடிகாரத்தை உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நோலாவுக்கு இடம் தெரியும்.

நீ எனக்காக ரொம்பச் சிரமப்பட்டுவிட்டாய். நீ நல்ல பையன். உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஹார்லன்


மில்வாக்கி
7 பிப்ரவரி

அண்ணா,

வழுக்கல் நின்றது மகிழ்ச்சி. ஆனால் ரீல்களை ஏன் கொடுத்தாய்? அந்த உலோக ரீல் இரண்டின் பக்கத் தகட்டைத் திருப்பி இடது கைக்கு மாற்றலாம் என்று வரைபடமே போட்டு வைத்திருக்கிறேன். போய் வாங்கி வா. டெல்மர் விற்றிருந்தால் யாருக்கு விற்றார் என்று கேட்டு எழுது.

மர மீனை மூழ்கிய கட்டைகளை ஒட்டி இழு. கட்டையில் அது இடித்துத் திரும்பும் நொடியில்தான் கடிக்கும். இதை உனக்கு நான் சொல்கிறேன் பார்.

கொக்கி பற்றி இன்னும் பதில் இல்லை.

கெல்வின்


டக்கர்ஸ் பெண்ட்
19 பிப்ரவரி

கெல்வின்,

இது நோலா எழுத்து. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதணும்னு சொல்லியிருக்கேன். சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஏரிக்குப் போனேன். தனியாத்தான். வடகாத்து அடிச்சுது, துறையில ஒரு படகுகூட இல்ல. மிதவைச் சட்டை போடல. கயிறும் மாட்டல. அதப் பத்திக் கேக்காத. கட்டைங்க மூழ்கிக் கிடக்கிற இடத்துல மர மீனை வீசினேன். நாலஞ்சு வீச்சு இருக்கும். கட்டையில மாட்டிக்கிச்சு.

மாட்டினா நாம என்ன பண்ணுவோம்? நரம்பைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு ஒரு இழு. பட்டுன்னு அறும். அப்பா அப்படித்தான் பண்ணாரு. நீயும் நானும் அப்படித்தான் பண்ணோம். இந்த ஏரியில ஒவ்வொருத்தனும் அப்படித்தான் பண்றான். அதே மாதிரி சுத்தினேன். காத்து படகைத் தள்ளுச்சு. உன் நூல் அறல.

படகு போய்க்கிட்டே இருக்கு, நூல் கைக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கு. கத்தி இடுப்புல வலது பக்கம் கெடக்கு. எடுக்கணும்னா இருக்கிறது ஒரு கை. அந்தக் கையத்தான் நூல் பிடிச்சு வெச்சிருக்கு. பல்லால கடிச்சுப் பாத்தேன். உன் நூலுக்குப் பல்லெல்லாம் ஒரு விஷயமே இல்ல. முன்னாடி இருக்கிற சின்ன மோட்டாரோட பெடல் காலுக்கடியில இருந்துச்சு. அத மிதிச்சு, படகைக் கட்டையப் பாத்துத் திருப்பி, காத்துக்கு எதிரா ஓட்டினேன். கடைசியில தளந்துச்சு. சுத்தைப் பல்லால அவுத்தேன்.

மூணு விரல்ல தசைநார் அறுந்திருக்கு. தைச்சிருக்காங்க. மடங்கலாம், மடங்காமயும் போகலாம்னு டாக்டர் சொல்றாரு. இப்ப கால்சட்டை பொத்தானும் நோலாதான். சோறும் அவதான் ஊட்டுறா. ஏப்ரல் முடிஞ்சுபோச்சு.

நைலானா இருந்தா அறுந்திருக்கும். கையில சுத்தாதேன்னு நீ ஒரு வரி எழுதல. பாத்தா தெரியற விஷயம்னு விட்டிருப்ப. நீ எழுதறதுல தப்பே இருக்காதுடா. எழுதாம விடறதுதான் ஆளை அடிக்குது.

இனிமே எதுவும் அனுப்பாத.

ஹார்லன்


மில்வாக்கி
25 பிப்ரவரி

அண்ணா,

நூலை அனுப்பியவன் நான். அறாத நூலை, அறும் என்று நம்பியே வாழ்ந்த ஒருவனுக்கு அனுப்பினேன். எச்சரிக்கை எழுதவில்லை. அதற்கு நீ என்னைத் திட்டியது போதாது. நேரில் வந்து மிச்சத்தை வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தில் நூலைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மிதவைச் சட்டை இல்லை. கயிறு இல்லை. கூட ஆள் இல்லை. துறையில் யாரும் இல்லாத, வடகாற்று அடிக்கிற நாள். சாவியைத் திருகும் முன்பே சட்டை மாட்டுகிற ஆள் நீ. நான் வேலை பார்ப்பது பழுதுகளோடுதான். ஓர் இயந்திரத்தில் ஒரு பாதுகாப்பு தானாகக் கெடும். எல்லாப் பாதுகாப்பும் ஒரே நாளில் தானாகக் கெடாது. யாராவது கழற்றினால்தான் உண்டு.

அதற்குப் பிறகு உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ரீல்களைக் கொடுத்துவிட்டாய். கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டாய். என்னை நல்ல பையன் என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிச் சொன்னதில்லை. நான் அதைப் படித்துவிட்டு உனக்குப் பக்கத் தகட்டைப் பற்றிப் பதில் எழுதினேன்.

எழுதாமல் விடுவதுதான் ஆளை அடிக்கிறது என்றாய். அதனால் இதை எழுதியே கேட்கிறேன். அன்றைக்கு நீ சாகத்தான் ஏரிக்குப் போனாயா? ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால், இன்னும் அந்த எண்ணம் இருக்கிறதா?

கடிதத்துக்காக நான் காத்திருக்கவில்லை. நோலாவுக்குப் போன் செய்து இதையே கேட்டேன்.  "எனக்கு அதைக் கேக்க வாய் வரல கெல்வின்" என்றாள். வீட்டிலிருக்கும் துப்பாக்கிகளையும் படகுச் சாவியையும் அவள் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னது நான்தான். கோபத்தை அவளிடம் காட்டாதே. அன்றைக்கே கிளம்பி வருகிறேன் என்றேன். அவள் உன்னிடம் கேட்டுவிட்டு வந்து, "பதில் எழுதின பிறகு வரட்டுமாம். அதுக்கு முன்னாடி வந்தா மூஞ்சைத் திருப்பிக்குவாராம். ஆனா எழுதறேன்னாரு" என்றாள். எழுதுகிறேன் என்று நீ சொன்ன ஒரே காரணத்துக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பகலில் அவள், இரவில் அவள் அண்ணன், யாராவது ஒருவர் உன்னோடு இருப்பார்கள். அதுவும் என் ஏற்பாடுதான்.

எனக்கு ஒன்று மட்டும் கணக்கில் வரவில்லை. நீ எதற்குப் போனாய் என்று நான் நினைக்கிறேனோ அதற்குத்தான் போனாய் என்றால், அன்றைக்கு நீ ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. காற்று இருந்தது, குளிர்ந்த தண்ணீர் இருந்தது, உன் கையை நூல் தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருந்தாலே போதும். நீ பெடலை மிதித்திருக்கிறாய். காற்றுக்கு எதிராக. அதை மிதித்த ஆளோடு நான் பேச வேண்டும்.

கெல்வின்


மில்வாக்கி
5 மார்ச்

அண்ணா,

தபால்காரர் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார். இன்று பட்டறையில் ஒரு பற்சக்கரத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். மேலாளர், "உனக்கு என்னதான்பா ஆச்சு?" என்றார். என் அண்ணன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நோலா தினமும் போனில், "இன்னிக்கு இருக்காரு" என்கிறாள். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்டுவது?

எந்தப் பதிலாக இருந்தாலும் எழுது. புள்ளி வைத்து அனுப்பினாலும் போதும்.

கெல்வின்


டக்கர்ஸ் பெண்ட்
8 மார்ச்

கெல்வின்,

ஆம்.

பென்சிலைக் கட்டுத்துணிக்குள் செருகி எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது. தாமதம் அதனால் மட்டும் இல்லை. அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் காகிதத்தை மூடி வைத்திருந்தேன்.

இங்கே எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பாதிரியார் வந்து வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். டெல்மர் அவர் மனைவி செய்த ஆப்பிள் பை கொண்டு வந்தார், என் ரீல் பெட்டியையும். "ஒண்ணும் விக்கலப்பா, அலமாரியில எடம் அடைக்குது" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. நான் எதற்குப் போனேன் என்று கடையிலுள்ள எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை. மருத்துவமனையில் உன் வாயை உடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதே வாய்தான் இதைக் கேட்டது.

இன்னும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. காலையில் எழும்போது அதிகம், சாயங்காலம் குறைவு. இன்றைக்கு இல்லை. நாளைக்கு எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. நிஜத்தைத்தானே கேட்டாய்? இதை நேற்று டாக்டரிடமும் சொன்னேன். நோலா பக்கத்தில் இருந்தாள். அவர் வேறொரு டாக்டர் பெயரைக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை போகிறோம்.

பெடலைப் பற்றி நீ பெரிதாக எதுவும் கட்டாதே. வலித்தது, மிதித்தேன். அவ்வளவுதான். ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். கரைக்கு வந்து, என்னைத் தேடி அங்கே வந்திருந்த நோலா அழுதுகொண்டே கையைத் துணியால் சுற்றும்போது, நான் அந்தக் கட்டையைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு நண்டு அங்கேயே போய்விட்டதே என்று இருந்தது. என்னிடம் இருந்த கடைசி மர மீன் அது. சாகப் போன ஆளுக்கு அந்தக் கவலை எதற்கு? எனக்கும் கணக்கில் வரவில்லை.

ஏப்ரலைப் பற்றி நான் சொன்னதை அடித்துவிடு. விரல் அதற்குள் மடங்காது. மடங்கினாலும், யாரும் தொடாமல் நானே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் வேண்டாம். வலையை நீ பிடி. மீனைத் தவற விட்டால் பேச்சு வாங்குவாய்.

நேற்று நோலாவிடம் படகில் உட்கார வேண்டும் என்றேன். அது கொட்டகையில் டிரெய்லர்மேல்தான் நிற்கிறது, தண்ணீரில் இல்லை. சாவி அவள் அண்ணனிடமே இருக்கிறது, நான் கேட்கவும் இல்லை. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மடியில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். உன் டிசம்பர் பார்சலிலிருந்த கொக்கி பிரிக்காமலே பெட்டிக்குள் கிடந்தது. அவளை உறையைப் பிரிக்கச் சொல்லி, மிதவைச் சட்டை வளையத்தில் வைத்துக் கடித்தேன். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை டக் என்று விழுந்தது. நோலா பீன்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம். நீ செய்வது எல்லாமே இறுக்கம்தான். மஞ்சள் கோலை எடுத்துக்கொண்டு வந்து, இதைக் கொஞ்சம் தளர்த்திக் கொடு.

ஹார்லன்